எந்த மாடி என்று அந்தப் புள்ளி சொல்லவில்லை

சென்ற ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை என் பாட்டியைக் காணவில்லை.

பாட்டிக்கு 81 வயது. மூன்று ஆண்டுகளாக முதுமை மறதிநோய். எங்களையெல்லாம் நன்றாக அடையாளம் தெரியும். ஆனால் காலையா மாலையா, திங்களா சனியா என்பது குழம்பிவிடும். அன்று அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணிதப் பயிற்சி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசல் இரும்புக் கதவு திறக்கும் சத்தம் காதில் விழுந்தது. அம்மாவாக இருக்கும் என்று நினைத்து எழுந்திருக்கவில்லை.

இருபது நிமிடம் கழித்து அம்மா வந்து, “பாட்டி உன் ரூம்லயா இருக்காங்க?” என்று கேட்டபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

இப்படி ஒரு நாள் வரும் என்று நாங்கள் எதிர்பார்க்காமல் இல்லை. அதற்காகவே பாட்டியின் கையில் ஒரு கடிகாரம் கட்டியிருந்தோம், இருக்குமிடத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் வகை. செயலியைத் திறந்தேன். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அது எங்கள் புளோக்கின் மேலேயே இருந்தது. போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது எனக்கு. பாட்டி தூரம் போகவில்லை!

கீழ்த்தளத்துக்கு ஓடினோம். கடிதப் பெட்டிகள், கல்மேசைகள், எதிரே காப்பிக்கடை, பேருந்து நிறுத்தம். எங்கும் இல்லை. புள்ளி ஒருமுறை பக்கத்திலுள்ள பல மாடி கார் நிறுத்துமிடத்துக்குத் தாவியது, அங்கும் ஓடினோம். பிறகு புளோக்கிற்கே திரும்பி வந்து நின்றது. ஒரு மணி 40 நிமிடம் போனது. அம்மா போலிசை அழைக்கக் கைப்பேசியை எடுத்த நேரத்தில், பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கும் மக்சிக் ஒருவர் பாட்டியின் கையைப் பிடித்து மின்தூக்கியிலிருந்து அழைத்து வந்தார். 11ஆம் மாடிக்கும் 12ஆம் மாடிக்கும் இடையில் உள்ள படிக்கட்டில் பாட்டி உட்கார்ந்திருந்தாராம். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எந்த வீடு என்று மலாயில் கேட்டிருக்கிறார். பாட்டிக்கு மலாய் நன்றாகவே வரும். வீட்டு எண்தான் வரவில்லை.

எங்கள் வீடு ஆறாவது மாடியில், மின்தூக்கியிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது கதவு. பாட்டி 12ஆம் மாடியில் இறங்கி, அதேபோல் இடப்பக்கம் மூன்றாவது கதவைத் தட்டியிருக்க வேண்டும் என்று பிறகு ஊகித்தோம். கதவு திறக்கவில்லை. அதனால் படிக்கட்டைத் தேடியிருக்கிறார்.

கார் நிறுத்துமிடத்துக்குத் தாவிய சில நிமிடங்களை விட்டுவிட்டால், அந்த நீலப் புள்ளி சொன்னது சரிதான். பாட்டி எங்கள் புளோக்கில்தான் இருந்தார். ஆனால் எங்கள் புளோக்கில் 16 மாடிகள். மாடிக்கு 12 வீடுகள். இரு பக்கமும் படிக்கட்டு. 192 வீடுகள் மீதும் ஒரே புள்ளிதான் உட்கார்ந்திருந்தது.

மேலிருந்து மட்டும் பிடித்த கயிறு

நான் மின்னியல், மின்னணுப் பொறியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கவலையோடு ரோஷமும் சேர்ந்துகொண்டது. வாடகைக் காரை அழைத்தால் நான் நிற்கும் சாலையோரத்துக்கே வந்து நிற்கிறதே, அது எப்படி? என் சொந்தப் பாட்டியை ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?

ஜிபிஎஸ் துணைக்கோளங்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. அவை அனுப்பும் ரேடியோ அலை நம் கைக்கு வந்து சேரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் தெரியுமா? ஒரு வாட்டைக் கோடியால் வகுத்து, வந்த விடையை இன்னொரு முறை கோடியால் வகுத்து, அதையும் நூறால் வகுத்தால் கிடைப்பது எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. திறந்தவெளியில் அதையும் கைப்பேசி பிடித்துவிடுகிறது. கூரையும், இரும்புக்கம்பி வைத்த கான்கிரீட்டும் நடுவில் வந்துவிட்டால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. மிஞ்சியதும் நேர்வழியில் வருவதில்லை. எதிர்ப் புளோக்கின் சுவரில் பட்டுத் திரும்பி, தாழ்வாரம் வழியாக நுழைகிறது. அலை வந்து சேர எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத்தான் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. சுற்றிவந்த அலைக்கு நேரம் கூடுதல், ஆகவே தூரமும் கூடுதல். பாட்டி கார் நிறுத்துமிடத்துக்குத் “தாவியது” அப்படித்தான் இருக்க வேண்டும்.

உயரம் இன்னும் மோசம். ஒருவரைச் சுற்றி நாலு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு பிடித்தால் அவர் நடுவில் அசையாமல் நிற்பார். எல்லாரும் மேலிருந்து மட்டுமே பிடித்தால் மேலும் கீழுமாக ஆடத்தானே செய்வார்? துணைக்கோளங்கள் பக்கவாட்டில் நம்மைச் சுற்றிலும் இருக்கின்றன. ஆனால் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, அங்கே பூமி இருக்கிறது. அதனால் ஜிபிஎஸ் தரும் உயரம், அது தரும் கிடைமட்ட இடத்தைவிடத் தவறானது. வானம் தெரியாத இடத்தில் கைப்பேசியும் இத்தகைய கடிகாரங்களும் அக்கம்பக்கத்து வைஃபை பெட்டிகளையும் கைப்பேசிக் கோபுரங்களையும் வைத்து இடத்தை ஊகிக்கின்றன. அதிலும் புளோக் தெரியும். மாடி தெரியாது.

வூஸ்டர், 1999

இந்த ஆண்டு மே மாத விடுமுறையில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தேன். கட்டடத்துக்குள் ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. முதல் நாள் என் மேற்பார்வையாளர் சமன்பாடு எதுவும் தரவில்லை. அமெரிக்காவில் நடந்த தீச்சம்பவம் ஒன்றின் விசாரணை அறிக்கையைப் படிக்கச் சொன்னார்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்று ஒரு நகரம். அங்கே கைவிடப்பட்ட ஆறு மாடிக் குளிர்பதனக் கிடங்கு ஒன்று இருந்தது. குளிர் வெளியேறாமல் இருக்கக் கட்டிய இடம் என்பதால் தடித்த சுவர்கள், மேல்மாடிகளில் சன்னல் இல்லாத நிலை, உள்ளே குழப்பமான அறைகள். 1999 டிசம்பர் 3ஆம் தேதி மாலை அங்கே தீப்பிடித்தது. உள்ளே வீடில்லாத சிலர் தங்குவது உண்டு என்று தெரிந்ததும் தீயணைப்பாளர்கள் தேடப் போனார்கள். அவர்களில் இருவர் புகைக்குள் வழி தவறினார்கள். காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று வாக்கி டாக்கியில் உதவி கேட்டார்கள். அவர்களைத் தேடிப் போனவர்களில் நால்வரும் திரும்பி வரவில்லை. இனி யாரையும் உள்ளே விட முடியாது என்று அங்கிருந்த அதிகாரி வழியை மறித்து நிற்க வேண்டியதாயிற்று. ஆறு பேரின் உடல்களையும் மீட்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அவர்கள் யாரைத் தேடிப் போனார்களோ, அந்த வீடில்லாத இருவர் முன்பே வெளியேறிவிட்டிருந்தார்கள்.

அறிக்கையை எம்ஆர்டியில் படித்துக்கொண்டே வந்தேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். அந்த இருவரின் குரல் வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டது. அந்தக் குரலைச் சுமந்து வந்ததும் ரேடியோ அலைதான். அலை சுவரைத் தாண்டி வந்தது. எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

அதே ஊரில் வூஸ்டர் பாலிடெக்னிக் என்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள மின்னியல் பேராசிரியர்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது: கட்டடத்துக்குள் முன்கூட்டியே எதுவும் பொருத்தியிருக்கக் கூடாது. தீப்பிடிக்கப் போகும் கட்டடம் எது என்று யாருக்குத் தெரியும்? வரைபடமும் இருக்காது, மின்சாரமும் இருக்காது. ஆகவே தீயணைப்பு வண்டிகளில் அலைவாங்கிகளைப் பொருத்தி, வீரர் உடலில் அணிந்திருக்கும் கருவியின் அலையை வெளியிலிருந்தே பிடித்து, அவர் இருக்குமிடத்தை மூன்று பரிமாணங்களிலும் கணக்கிட முயன்றார்கள். 2006இல் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆய்வாளர்களையும் தீயணைப்பாளர்களையும் ஒரே அரங்கில் உட்காரவைத்துப் பயிலரங்குகளும் நடத்தினார்கள்.

மாடி என்ற கேள்வி சட்டத்துக்குள் வரவும் வெகுகாலம் ஆனது. 911 என்ற அவசர எண்ணுக்குக் கைப்பேசியில் வரும் அழைப்புகளில் 80 விழுக்காட்டுக்கு, உயரம் 3 மீட்டர் வேறுபாட்டுக்குள் தெரிய வேண்டும் என்று அமெரிக்கத் தொடர்பு ஆணையம் முடிவெடுத்தது 2019இல்தான். 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு மாடி.

நாதஸ்வரமும் தவிலும்

சரி, கட்டடத்துக்குள் ஆளைக் கண்டுபிடிக்க என்னதான் வழி?

பழைய வழி, பழகிய வழி, வைஃபைதான். 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் இருவரும் வெளியிட்ட ஆய்வின் பெயர் ரேடார். அலுவலகத்தின் ஒவ்வோர் இடத்திலும் நின்று, எந்த வைஃபை எவ்வளவு வலிமையாக எட்டுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கைரேகை எடுப்பதுபோல. பிறகு ஒருவரின் கருவி உணரும் வலிமையை அந்தக் குறிப்புகளோடு ஒப்பிட்டால், அவர் நிற்கும் இடம் பெரும்பாலும் இரண்டு மூன்று மீட்டர் தவறுக்குள் தெரிந்துவிட்டது. கைரேகை எடுக்கும்போது ஆள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்பதையும் அவர்கள் குறிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். வைஃபை அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். ரௌட்டருக்கு முதுகைக் காட்டி நின்றால் நாமே ஒரு சுவர்.

இந்த முறையின் தொல்லையை நான் அனுபவித்திருக்கிறேன். எங்கள் கட்டடத்தின் ஒரு மாடி முழுவதையும் மூன்று நாள் நடந்து நடந்து அளந்தேன். அடுத்த வாரம் யாரோ இரண்டு வைஃபை பெட்டிகளை இடம் மாற்றிவிட்டார்கள். மூன்று நாள் உழைப்பு போயே போனது. நான் அழவில்லை என்று சொன்னால் அது பொய்.

புதிய வழி, வலிமையை விட்டுவிட்டு நேரத்தை அளப்பது. ரேடியோ அலை ஒரு நானோ விநாடியில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் போகும். அந்த நேரத்தைத் துல்லியமாக அளந்தால் தூரம் தெரிந்துவிடும். ஆனால் கட்டடத்துக்குள் எதிரொலிகள் இருக்கின்றனவே! திருமண மண்டபத்தில் நாதஸ்வரம் ஒரே சுரத்தை நீட்டி வாசிக்கும்போது, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் நேராக வரும் ஒலியும் கலந்துவிடும். எது முதலில் வந்தது என்று பிரிக்க முடியாது. தவிலில் ஒரே ஓர் அடி அடித்தால்? முதல் அடி தனியாகக் கேட்கும், எதிரொலி பிறகு தனியாகக் கேட்கும். வழக்கமான வைஃபை நாதஸ்வரம் மாதிரி. அல்ட்ரா வைட்பேண்ட் என்ற அகன்ற அலைவரிசைத் தொழில்நுட்பம் தவில் அடி மாதிரி. 500 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் அகலமான அலைவரிசையில் மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்புவதால், நேராக வந்த முதல் துடிப்பை மட்டும் அது பிரித்தெடுத்துக்கொள்ளும். 2019இல் வந்த ஐபோன் 11இலேயே இதற்கான சில்லு இருந்தது. தொலைந்த சாவிக்கு அம்புக்குறி போட்டு வழிகாட்டும் ஏர்டேகிலும் இதுதான் வேலை செய்கிறது.

காலியான ஆய்வுக்கூடத்தில் எங்கள் கருவி அரை மீட்டருக்குள் என்னைச் சரியாகக் காட்டியது. மதிய உணவு நேரத்தில் தாழ்வாரம் நிறைய மாணவர்கள் நடந்தபோது நான் சுவருக்குள்ளும் ஒருமுறை கழிப்பறைக்குள்ளும் இருப்பதாகக் காட்டியது. நேர்வழி அடைபட்டுப்போனால், முதலில் வந்து சேரும் துடிப்பே சுற்றிவந்ததாகத்தான் இருக்கும். தவில் அடியைத் தூண் மறைத்துவிட்டால் எதிரொலிதானே முதலில் கேட்கும்?

அலை எதற்குள் நுழையாது என்று பார்க்க விரும்புவோர் புதிய வீவக வீட்டில் இருக்கும் “பாம் ஷெல்ட்டருக்குள்” போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். என் தோழியின் வீட்டில் செய்து பார்த்தோம். அந்த இரும்புக் கதவு மூடியதும் பக்கத்து அறையில் இருக்கும் வைஃபைகூடக் கைப்பேசிக்கு எட்டவில்லை. தோழியின் அம்மா வெளியிலிருந்து தட்டி, “ரெண்டு பேரும் உள்ளே என்னதான் செய்யறீங்க?” என்று கேட்டார். அந்தக் குரல் மட்டும் மெல்லக் கேட்டது.

எந்தக் கருவியும் அணியாத ஆளைக்கூட அலையால் கண்டுபிடிக்கலாம். 2015இல் நேப்பாளத்தை நிலநடுக்கம் தாக்கியபோது, நாசாவின் ஆய்வுக்கூடம் உருவாக்கிய ஃபைண்டர் என்ற ரேடார் கருவி சௌதாரா என்ற ஊரில் இடிபாடுகளுக்கு அடியில் நால்வரின் இதயத் துடிப்பை உணர்ந்தது. நால்வரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். மூச்சும் இதயமும் மார்பை மில்லிமீட்டர் கணக்கில் அசைக்கின்றன. அதில் பட்டுத் திரும்பும் அலையில் அந்த அசைவு தெரியும். இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு விதமாகவும் கூச்செறிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நான் மூச்சு விடுவதை யாரோ பார்க்க முடியும் என்பதுதானே இதன் மறுபக்கம்?

காற்று சொன்ன மாடி

பாட்டிக்குத் தேவைப்பட்டது இவ்வளவு துல்லியம் இல்லை. புளோக் தெரிந்துவிட்டது. வேண்டியது ஓர் எண்: எந்த மாடி?

அதற்குக் காற்றே போதும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். தரைமட்டத்தில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.12 ஹெக்டோபாஸ்கல். வீவக வீட்டில் ஒரு மாடி சுமார் 2.8 மீட்டர், ஆக மாடிக்கு 0.3க்குச் சற்று மேல். சில வெள்ளிக்குக் கிடைக்கும் அழுத்த உணர்கருவி இதைவிட நுண்ணிய மாற்றத்தையும் உணரும். பல கைப்பேசிகளுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. உணர்கருவி ஒன்றை வாங்கி, 920 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் சிறிய ரேடியோவோடு இணைத்தேன். அந்த அலை வைஃபை அலையைவிடக் கான்கிரீட்டை எளிதாகத் தாண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டியின் சாவிக்கொத்துக் கயிற்றில் மாட்டினேன். 6 என்று காட்டியது. அப்படியொரு பெருமை எனக்கு.

மாலை நாலரைக்குப் பார்த்தால் 15 என்று காட்டுகிறது. பாட்டி வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்!

பாட்டி ஏறவில்லை, காற்று இறங்கியிருந்தது. பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நம் ஊரில் காற்றழுத்தம் கடல் அலைபோல நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. காலை 10, 11 மணி வாக்கில் உச்சம். மாலை 4, 5 மணி வாக்கில் தாழ்வு. இடையில் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு, அதாவது ஒன்பது மாடி. உயர்நிலைப் பள்ளியில் புவியியல் எடுத்தவள் நான். ஆனாலும் மறந்துபோயிருந்தேன். தீர்வு எளிது: இன்னோர் உணர்கருவியை வீட்டுக்குள் அசையாமல் வைத்துவிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பார்ப்பது. வீட்டுப் பெட்டியும் பாட்டியின் வில்லையும் ஒரே வானத்தின் கீழே இருப்பதால், வானத்தின் ஏற்றஇறக்கம் கழிந்துவிடும். மிஞ்சுவது மாடி மட்டும்.

படிக்கட்டில் 16 மாடிகளையும் ஏறி இறங்கிச் சோதித்தேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று எண்ணைக் குறித்தேன். இரண்டு இடங்களில் ஒரு மாடி தவறியது. 12ஆம் மாடி மக்சிக் என்னைப் பார்த்துவிட்டு, பாட்டி மறுபடியும் காணோமா என்று பதறிக் கதவைத் திறந்தார்.

“அப்போ எனக்கு?”

அன்று இரவு வில்லையைப் பாட்டியிடம் காட்டி விளக்கினேன். “பாட்டி, இதை மாட்டிக்குங்க. நீங்க எந்த மாடியில இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும்.”

பாட்டி அதைப் புரட்டிப் பார்த்தார். “நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியும். நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியுமா?”

சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. நான் உயர்நிலை மூன்றில் இருந்தபோது கொவிட்-19 வந்தது. 2020 மார்ச் 20ஆம் தேதி டிரேஸ்டுகெதர் செயலி அறிமுகமானது. ஜூன் இறுதியிலிருந்து முதியவர்களுக்குக் கைக்கு அடக்கமான கருவி கொடுத்தார்கள். பாட்டி அதையும் இதே சாவிக்கொத்துக் கயிற்றில்தான் மாட்டியிருந்தார். அது ஆள் இருக்குமிடத்தைப் பதிவு செய்யவில்லை, புளூடூத் வழி யாருக்கு அருகில் இருந்தார் என்பதை மட்டுமே பதிவு செய்தது. யோசித்துச் செய்த வடிவமைப்பு என்று இப்போது பொறியியல் மாணவியாகப் பார்க்கும்போது தெரிகிறது. ஆனால் 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்காகப் போலிசாரும் அந்தத் தரவைப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது பலர் வருத்தப்பட்டார்கள். தொடர்புத் தடமறிதலுக்கு மட்டும் என்று முன்பு சொல்லப்பட்டிருந்தது. பிப்ரவரியில் சட்டம் இயற்றி, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். எங்கள் வகுப்பிலும் இதைப் பற்றிக் காரசாரமாகப் பேசினோம். “கொலைகாரனைப் பிடிக்கத்தானே?” என்று ஒரு பக்கம். “முதலில் சொன்னது அது இல்லையே?” என்று இன்னொரு பக்கம். நான் அப்போது முதல் பக்கம். இப்போது இரண்டாவது பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். தரவு தவறாகப் போகும் என்பதால் அல்ல. ஒருவர் கழுத்தில் ஒரு கருவியை மாட்டும்போது சொன்ன வாக்கு, அந்தக் கருவியின் ஒரு பகுதி என்பதால்.

நான் பாட்டிக்கு என்ன வாக்கு கொடுத்தேன்? காலையில் சரி என்று சொல்வதை மாலையில் மறந்துவிடுபவரிடம் சம்மதம் வாங்குவது எப்படி? மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. “புள்ளியை எப்போதும் பார்க்க வேண்டுமா, காணாமல் போனால் மட்டும் பார்க்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்” என்றார்.

அதன்பின் வில்லையின் நிரலை மாற்றினேன். பாட்டி ஆறாம் மாடியில் இருக்கும்வரை அது எதுவும் அனுப்பாது. அளந்துகொண்டு சும்மா இருக்கும். வீட்டுப் பெட்டியில் உள்ள பொத்தானை யாராவது அழுத்திக் கேட்டாலோ, மாடி மாறினாலோ மட்டுமே பேசும். வீட்டுப் பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் அழுத்தத்தை அறிவிக்கும். அதைக் கேட்டு வில்லையே தன் மாடியைக் கழித்துக்கொள்ளும். எதையும் சேமித்து வைக்காது. பேட்டரியும் அதிகம் செலவாவதில்லை என்பது கொசுறு.

கடிகாரத்தை இன்னும் கழற்றவில்லை. புளோக்கைத் தாண்டிப் போய்விட்டால் அதுதான் வேண்டும். குளிக்கும்போது வில்லையைக் கழற்றிவைத்துவிட்டுப் பாட்டி மறந்துவிடுவதற்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. அது ரேடியோவால் தீரும் பிரச்சினை இல்லை. வாசலில் ஒரு சிறு மணி கட்டியிருக்கிறோம், பழைய வழி. மக்சிக்கிடம் எங்கள் கைப்பேசி எண்ணையும் கொடுத்துவைத்திருக்கிறோம்.

இன்னொரு வில்லையும் செய்தேன். அது என் பையில் இருக்கிறது. வீட்டுப் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய சிவப்பு எண் ஒன்று வைத்தேன். நான் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்ததும் அதில் 1 என்று எரியும். மின்தூக்கி இரும்புப் பெட்டி; உள்ளே போனதும் அலை செத்துவிடும்; எண் 1லேயே நிற்கும். கதவு திறந்து நான் வெளியே கால் வைத்ததும் 6க்குத் தாவும். இடையில் உள்ள மாடிகளையும் காட்ட வேண்டும் என்று நான் நிறைய முயன்றேன், முடியவில்லை. பாட்டிக்கு அதெல்லாம் பொருட்டில்லை. 1 எரிந்ததுமே சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். நேற்று நான் கீழ்த்தளத்தில் ஒரு தோழியோடு நின்று பேசிவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மேலே போனேன்.

“ஒண்ணுலயே எவ்வளவு நேரம் நிப்பே?” என்று கேட்டார் பாட்டி.